காலியாக விட்ட கட்டம்

காலை ஆறே காலுக்குக் காதுக்கு வேலை. பதினொரு மணிக்கு மேல் கண்ணுக்கு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஈரச் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து பாறைமேல் போட்டுவிட்டு, பிளாஸ்கில் மிச்சமிருக்கும் டீயைக் குடித்து முடிக்க வேண்டும். நீலகிரியின் மேல்மலையில், 2,000 மீட்டருக்கு மேலே, பறவையையும் தட்டானையும் ஒரே ஆள் ஒரே நாளில் கணக்கெடுக்கக் கிளம்பினால் நாள் இப்படித்தான் இரண்டாகப் பிளந்துகொள்ளும்.

பறவைக்கு விடியற்காலை போதும். மூட்டம் கவிந்திருந்தாலும் அது பாடும், நான் கேட்பேன். தட்டானுக்கு வெயில் வேண்டும். இரவெல்லாம் குளிரில் விறைத்துக் கிடந்த உடம்பு சூடேறினால்தான் அதன் இறக்கைத் தசை வேலை செய்யும். பெரிய தட்டான்கள் சில கிளம்பும் முன் உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளும், குளிர்ந்துபோன பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்புவது மாதிரி. ஒரு மேகத்துண்டு சூரியனை மறைத்தால் போதும், அத்தனையும் கோரைக்குள் இறங்கிவிடும். எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தட்டானை அதுவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்று சொன்னவர், முதல் நாள் மதியமே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

“மேகம் ஏறுது சார். உங்க ஆளுங்க கடையைச் சாத்திட்டாங்க பாருங்க.”

“இன்னும் அரை மணி பாக்கலாங்கண்ணா.”

“அரை மணி என்ன, நாளைக்குக் காலையிலதான் இனி திறப்பாங்க.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. மேற்கிலிருந்து எழுந்த மூட்டம் பள்ளத்தை நிரப்பி, பத்தடி தள்ளி நின்ற அவரையே மறைத்தது. அன்று படிவத்தில் தட்டானுக்கான கட்டங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் பார்க்கவில்லை, ஆகவே பூஜ்யம் என்று வரிசையாகப் போட்டேன். அந்தப் பூஜ்யங்களுக்காகப் பின்னால் வெட்கப்பட்டிருக்கிறேன்.

மேல்மலையைப் பார்க்காதவர்களுக்காக நிலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவலாஞ்சியிலிருந்து மேல் பவானிக்குப் போகும் பாதையில் நின்று பார்த்தால் மலை மடிப்புகளில் கரும்பச்சையாகச் சோலை அடைந்து கிடக்கும். அதைச் சுற்றிச் சரிவெல்லாம் புல்வெளி. இரண்டு சரிவுகள் சந்திக்கும் அடிப்பள்ளத்தில் நீர் கசிந்து தேங்கும் இடம் சதுப்பு. சுற்றுலா வருகிறவர்கள் சோலையைப் படம் எடுப்பார்கள், புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சதுப்பைப் பார்த்து, ‘கீழே ஏதோ சேறு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

வயல் சேறு வேறு, இது வேறு. செத்த கோரையும் புல்லும் தேங்கிய நீருக்கடியில் காற்றுப் படாமல், மட்கியும் மட்காமலும், ஒன்றின்மேல் ஒன்றாக அமிழ்ந்து கருப்பாக இறுகிக் கிடக்கும். பீட் என்பது இதன் பெயர். நிலக்கரியாகப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிட்ட மண் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. கையில் எடுத்துப் பிழிந்தால் காபி நிறத்தில் தண்ணீர் வடியும், நார் நாராகத் தண்டுகள் மிஞ்சும். நிலம் ஆடும். ஒருவர் குதித்தால் நாலடி தள்ளி நிற்பவருக்குக் காலில் தெரியும். கோரைக்கு நடுவே சிவந்த மயிர்க்கால்களில் பசைத்துளி மின்ன ட்ரோசெரா செடி பூச்சிக்குக் காத்திருக்கும். தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய அறுத்துவரும் புல்லும் இப்படிப்பட்ட ஈரப் பள்ளங்களில்தான் வளர்கிறது.

கம்பில்லாமல் உள்ளே போகக் கூடாது. இது முதல் வருடத்தில் நான் தொடைவரை இறங்கிக் கற்றுக்கொண்ட பாடம். மேலே பச்சையாக, மெத்தை போலத்தான் இருந்தது. வலது கால் போனது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. படிவம் வைத்த பலகையை மார்புக்குக் கீழே போட்டு அதன்மேல் சாய்ந்து, காவலர் அண்ணா நீட்டிய கம்பைப் பிடித்து வெளியே வந்தேன். பூட்ஸ் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. பீட்டில் எதுவும் சீக்கிரம் மட்காது என்பதால் அது என்னைவிட நீண்ட நாள் இருக்கும்.

இந்த மட்காத குணத்தால்தான் பீட் ஒரு பதிவேடாக இருக்கிறது. ராமன் சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீலகிரிச் சதுப்பின் பீட்டை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வெப்பமண்டலப் புல்லும், சோலை மரமும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு வேறு. ஆகவே அவை மண்ணில் விட்டுப்போகும் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதமும் வேறு. அதைப் படித்து, கடந்த 20,000 ஆண்டுகளில் எப்போது மலை வறண்டு புல் ஓங்கியது, எப்போது பருவமழை வலுத்து மற்ற செடிகொடிகள் ஓங்கின என்று சொன்னார்கள். அந்தக் கட்டுரையை நான் படித்தது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து. அதற்குள் அதே வகைப் பள்ளங்களில் நூறு முறையாவது நடந்திருப்பேன். மேல்மலையில் புல்வெளி என்பது யாரோ காட்டை வெட்டியதால் வந்தது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், நானும் பலருக்குச் சொல்லியிருந்தேன். என் பூட்ஸுக்குக் கீழே பதில் இருந்திருக்கிறது.

பறவைக் கணக்கெடுப்பின் முறை எளிது. வரைபடத்தில் முன்கூட்டியே குறித்த புள்ளிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டராவது இடைவெளி. புள்ளியில் போய் நின்று, நம் காலடிச் சத்தத்தில் ஒடுங்கிய பறவைகள் சகஜமாகும் வரை இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம். கண்டது, கேட்டது, எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பத்து நிமிடம் முடிந்தபின் தோளுக்குப் பக்கத்துக் கிளையில் அபூர்வப் பறவை வந்து உட்கார்ந்தாலும் அது கணக்கில் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் பொறுக்காது. “சார், பார்த்தேனே சார்” என்பார்கள். பார்த்தாய் தம்பி, ஓரத்தில் எழுதிவை, கட்டத்தில் எழுதாதே.

சோலைக்குள் கண்ணுக்குப் பெரிய வேலை இல்லை. பாசி போர்த்திய மரங்கள், மங்கல் வெளிச்சம், இலைக்குப் பின்னால் இலை. காதுதான் எல்லாம். நீலகிரிச் சிரிப்பானைத் தவறவிடவே முடியாது. கூட்டமாகச் சேர்ந்து, நாம் ஏதோ முட்டாள்தனம் செய்துவிட்ட மாதிரி, விட்டு விட்டுச் சிரிக்கும். ஓடையோரத்தில் சீகாரப் பூங்குயில், எந்த ராகத்திலும் சேராத சீழ்க்கையை நிதானமாக அடித்துக்கொண்டிருக்கும். நீலகிரி ஈப்பிடிப்பான், வெள்ளைக்கண்ணிக் கூட்டத்தின் முணுமுணுப்பு, குளிர்காலமானால் இமயத்துப் பக்கமிருந்து வந்த கதிர்க்குருவிகள். தூரத்தை மதிப்பிடுவதுதான் கடினம். ஈரக்காட்டில் ஒலி ஏமாற்றும். 30 மீட்டரில் பாடுவது 60 போலக் கேட்கும், பறவை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் தள்ளிப்போகும். சீசன் தொடங்கும் முன் ஒரு வாரம் லேசர் தூரமானியை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்துத் தூரம் சொல்லிப் பழகுவோம். நான் எப்போதும் கூட்டித்தான் சொல்வேன்.

சோலைக்கிளி என்று ஒரு பறவை. பெயரைக் கேட்டுப் பச்சைக் கிளியைத் தேடாதீர்கள். மலையாளத்தில் கிளி என்றால் பறவை என்றே பொருள். கரு நீல உடம்பும் விலாவில் செம்பழுப்பும் வயிற்றில் வெள்ளையுமாக, சோலைத் தரையில் குத்துச்செடிக்கடியில் தத்தித் திரியும் சிறு பறவை அது. இதை எந்த இனக்குழுவோடு சேர்ப்பது என்று நூறு ஆண்டுக்கு மேல் ஆய்வாளர்கள் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். 2017-இல் மரபணு ஆய்வுக்குப் பின் இதற்கென்று தனிப் பேரினமே வகுத்து ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். நம் சோலை அப்படி லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது ஓர் இனம், தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் இருப்பது வேறு. சிரிப்பான்களுக்கும் அதே கதைதான். மேட்டிலேயே வாழப் பழகிய பறவைக்குத் தாழ்ந்த கணவாய் கடலைப் போல.

புல்வெளியில் கதை தலைகீழ். அங்கே கண் வேண்டும், பொறுமை வேண்டும். நீலகிரி நெட்டைக்காலியைத் தேடித்தான் அதிகம் நடந்திருக்கிறேன். பழுப்பில் கருங்கோடு இழுத்த, யாரும் திரும்பிப் பார்க்காத பறவை. உயர்ந்த மலைப் புல்வெளியை விட்டு இறங்காது. சதுப்பு ஓரத்து ஈரப்புல்லில் நடந்துகொண்டே இருக்கும், நாம் கிட்டே போனால் எழுந்து பக்கத்துப் புதரிலோ மரத்திலோ போய் உட்காரும். அதற்கு வேண்டிய நிலம்தான் கண்முன்னால் குறைந்தது. கற்பூர மரம், பைன், தோல் பதனிட மரப்பட்டைக்காகச் சீகை என்று வெற்றுப் புல்வெளியை ‘வீணாகக் கிடக்கும் நிலம்’ என்று நினைத்து நட்டு நிரப்பினார்கள். நடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. சீகைக்கு அது தெரியாது, தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது. சதுப்புகளுக்கு இன்னொரு விதம். அணை கட்ட ஏற்ற பள்ளமும் பீட் சேர ஏற்ற பள்ளமும் பெரும்பாலும் ஒன்றே. பைக்காரா மின்திட்டம் 1932-இல் தொடங்கியது. பிறகு கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. கோவையில் மில் ஓட, வீட்டில் விளக்கெரிய, மேல்மலைப் பள்ளங்கள் நீர்த்தேக்கங்களாயின. நானும் அந்த மின்சாரத்தில் விசிறி போட்டுப் படுத்தவன், குறை சொல்லிக்கொண்டே போக மனம் வரவில்லை.

இனி மதிய வேலை.

தட்டானைப் பற்றி நம்மூரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாத கை அபூர்வம். பொடிக் கல்லைத் தூக்கவைத்த கொடுமையையும் செய்திருக்கிறேன். தாழப் பறந்தால் மழை என்று பாட்டி சொன்னதை வேத வாக்காக எடுத்துக்கொண்டவன். தும்பி என்றும் சொல்கிறோம், ஆனால் சங்கப் பாட்டில் வரும் தும்பி வண்டு. இந்தக் குழப்பத்தை ஒரு முகாமில் தமிழாசிரியர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார், அதற்குள் மேகம் ஏறிவிட்டது.

தட்டானும் ஊசித்தட்டானும் வேறு. உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருப்பது தட்டான், முதுகின்மேல் மடித்துக்கொள்வது பெரும்பாலும் ஊசித்தட்டான். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. மேல்மலைக் குளத்தோரச் செடிகளில் இருக்கும் இண்டோலெஸ்டிஸ் என்ற ஊசித்தட்டானின் சொந்தக்கார இனங்கள் பல, ஊசித்தட்டானாக இருந்துகொண்டே இறக்கையை விரித்து உட்காரும். விதி சொல்லிக் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் விதிவிலக்கு வந்து உட்கார்ந்து நம் மானத்தை வாங்கும்.

எங்கள் தொழிலில் முன்னோடி எஃப். சி. ஃபிரேசர். ராணுவ மருத்துவர். 1933, 1934, 1936 என மூன்று தொகுதிகளாக இந்தியத் தட்டான்களைப் பற்றி அவர் எழுதியது இன்றும் மேசையில் இருக்கிறது. கோடு வரைந்த படங்கள், இறக்கை நரம்புகளின் எண்ணிக்கை, ஆணின் வால் நுனியில் இருக்கும் கொக்கிகளின் வடிவம். நிறத்தை நம்பாதே, கொக்கியைப் பார் என்பதுதான் அந்தப் புத்தகங்களின் சாரம். அதை மதிக்காமல் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

மேல் பவானிப் பக்கம் ஒரு சதுப்பில் மஞ்சள் நிறத் தட்டான் ஒன்றைப் படம் எடுத்தேன். பின்னிறக்கையின் அடியில் மஞ்சள் கறை, கண்ணின் கீழ்ப்பாதி சாம்பல் நீலம். அந்த உயரத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சுமார் 200 தட்டான் இனங்களில் மேல்மலைக்கு ஏறி வருபவை மிகக் குறைவு. எல்லாவற்றையும் அறிவேன் என்ற நினைப்பு வேறு. புதிய இனம் கிடைத்துவிட்டது என்று அன்றிரவு முகாமில் எல்லோருக்கும் என் செலவில் முட்டைப் பொரியல். துறையில் மூத்தவர் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். திரும்பி வந்தது ஒரே கேள்வி: “வால் நுனி தெரியற மாதிரி படம் இருக்கா?” இருந்தது. பார்த்தேன். சிம்பெட்ரம் ஃபான்ஸ்கொலோம்பை. ஊட்டிப் பக்கம் எங்கும் பறக்கிற, முற்றிய ஆண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நிற்கிற சர்வ சாதாரணத் தட்டான். இளம் ஆண் பெண்ணைப் போல மஞ்சளாக இருக்கும், சிவக்க நாளாகும். அந்தச் சிவந்த ஆண்களை நான் அதே சதுப்பில் அதே நாளில் பதினேழு எண்ணியிருந்தேன். காவலர் அண்ணா மட்டும் முட்டைப் பொரியலைப் பிறகும் பல வருடம் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். “புதுசா ஏதாவது கிடைக்கலையா சார்? நாக்கு நமநமங்குது.”

பறக்கும் தட்டானைவிட என்னை அதிகம் பிடித்துவைத்தது அது கழற்றிப் போட்ட சட்டை. பாம்புச் சட்டை போலத்தான். தட்டான் முட்டையிலிருந்து வந்து தண்ணீருக்குள் வளர்கிறது. அங்கே அது இறக்கையில்லாத, மங்கிய நிறப் பூச்சி. கீழுதடு மடக்கிய கை மாதிரி. இரை கிட்டே வந்ததும் அதை நீட்டிக் கவ்வி இழுத்துக்கொள்ளும். வளர்ச்சி முடிந்ததும் ஒரு கோரைத் தண்டில் ஏறி, முதுகு வெடித்து, தட்டானாக வெளியே வருகிறது. கூடு தண்டிலேயே பிடித்தபடி நிற்கும், வெடிப்பிலிருந்து வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். அவை அதன் மூச்சுக்குழல்களின் உட்பட்டை. இந்தக் கூட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், பறக்கும் தட்டான் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மலையேறும் காற்று கீழ்ப்பகுதியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கலாம். பாண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற தட்டான் மாலத்தீவைத் தாண்டிக் கடல்மேல் ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். பல தலைமுறைகளில் முடியும் பயணம் அது. மழை ஓயும் மாதங்களில் மேல்மலைப் புல்வெளிக்கு மேலே அவை கூட்டமாக மிதக்கும்போது நான் எண்ணுவேன், ஆனால் அவை இந்தச் சதுப்பைச் சேர்ந்தவை என்று எழுத மாட்டேன். கூடு கிடைத்தால் எழுதலாம். இங்கே பிறந்தது, இந்தத் தண்ணீரில்.

காட்டெருமையும் தோடர் எருமையும் மிதித்த குளம்புக் குழிகளில்தான் எனக்குக் கூடுகள் நிறையக் கிடைத்தன. ஒரு சாண் அகலக் குழி, அதில் நின்ற காபித் தண்ணீர், ஓரத்துப் புல்லில் மூன்று கூடு. சதுப்பை யாரும் மிதிக்காமல் வேலி போட்டுக் காக்கலாமே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது இந்தக் குழிகளைப் பற்றிச் சொன்னேன். குறிப்பேட்டில் ஏறவில்லை.

பூஜ்யத்துக்கு வருகிறேன். மூட்டத்தில் போட்ட பூஜ்யம் தவறு என்று எனக்குப் புரிந்தது இரண்டாம் வருடத்தில். வெயிலில், காற்றில்லாத மதியத்தில், 100 மீட்டர் ஓரம் முழுக்க நடந்து ஒன்றையும் பார்க்காவிட்டால் அது பூஜ்யம். அதற்குப் பொருள் உண்டு. மூட்டத்தில் நின்றுவிட்டு வந்தால் அது காலிக் கட்டம், பார்க்கவில்லை என்று பொருள். அதிலிருந்து படிவத்தில் மூட்டம், வெயில், காற்று எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டினேன். காலியாக விட வேண்டியதைக் காலியாகவே விட்டேன்.

அப்படிக் கவனமாக விட்ட கட்டங்களுக்கு என்ன ஆனது தெரியுமா? வேலையைக் கொடுத்த அமைப்பு ஒன்றின் அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றினார்கள். காலிக் கட்டம் இருந்தால் மென்பொருள் ஏற்காது போலிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அத்தனை காலிக் கட்டத்திலும் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிட்டார். அந்த வருடம் மூட்ட நாட்கள் அதிகம். அறிக்கை அச்சாகி வந்தபோது மேல்மலைத் தட்டான்கள் பாதியாகக் குறைந்துவிட்டதாக வரைபடம் சொன்னது. கூட்டத்தில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். காலநிலை மாற்றம் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். நான் எழுந்து, “அது குறையலைங்க, நாங்க பார்க்கலை” என்றேன். திருத்தம் போடுகிறோம் என்றார்கள். அந்த வரைபடத்தை நாலு வருடம் கழித்து வேறொருவர் உரையில் திரையில் பார்த்தேன், இன்னும் பெரிதாக, வண்ணத்தில்.

உண்மையாகவே குறைந்தது எதுவும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. சீகை ஏறிய சரிவுகளுக்குக் கீழே இருந்த இரண்டு சிறு சதுப்புகள் என் கண்முன் காய்ந்தன. கம்பு இறங்கவில்லை. நெட்டைக்காலியும் அந்தப் பக்கம் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது பள்ளங்களில் மேட்டு மண் சரிந்து வந்து மூடியதையும் பார்த்தேன். இவையெல்லாம் எண்ணாமலே தெரிபவை. எண்ணினால் மட்டுமே தெரிகிற, மெதுவான மாற்றத்துக்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். அதில்தான் நான் பெரிய தவறு செய்தேன்.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கரி, மற்றதெல்லாம் கமலா ஆரஞ்சு. சோலையின் இருட்டில் தாழ்ந்த கிளையில் நிற்கும்போது யாரோ சிறு விளக்கை ஏற்றிவைத்த மாதிரி இருக்கும். மேல்மலைச் சோலைகளில் சாதாரணம். அதன் குரல் மட்டும் சன்னம். பூச்சி ரீங்காரம் போல, ஊசியால் கண்ணாடியைக் கீறுவது போல, மிக உச்சத்தில் ஒலிக்கும். இளைஞனாக வந்தபோது ஒரு புள்ளியில் நின்றால் நாலைந்து கேட்கும்.

22 வருடப் படிவங்களை ஒருமுறை வீட்டில் பரப்பி வைத்துப் பார்த்தேன். கடந்த ஆறேழு வருடத்தில் இந்த ஈப்பிடிப்பான் என் புள்ளிகளில் படிப்படியாகக் குறைந்திருந்தது. நாலு, மூன்று, ஒன்று, ஒன்று, பூஜ்யம். மற்ற பறவைகள் அப்படியே இருந்தன. மனம் கலங்கிவிட்டது. குத்துச்செடி குறைந்ததா, உறைபனி கூடியதா என்று காரணங்களை அடுக்கிக் கட்டுரை எழுதவே தொடங்கினேன். தலைப்புகூட வைத்துவிட்டேன்.

அந்த டிசம்பரில் உதவிக்கு ஒரு பையன் வந்தான். கல்லூரி முடித்தவன், கோத்தகிரிப் பக்கம். புல்லெல்லாம் உறைபனி படர்ந்து சர்க்கரை தூவியது போலிருந்த காலை. சோலை ஓரப் புள்ளியில் நின்று இரண்டு நிமிடம் முடிந்தது. சிரிப்பான் ஒரு கூட்டம். வெள்ளைக்கண்ணி. எழுதினேன். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்துத் தயங்கினான். கணக்கெடுக்கும்போது பேசக் கூடாது என்று நான்தான் அவனைத் திட்டியிருந்தேன்.

பத்து நிமிடம் முடிந்ததும் கேட்டான்: “சார், அந்த ஈப்பிடிப்பானை ஏன் எழுதலை?”

“எந்த ஈப்பிடிப்பான் தம்பி?”

“இதோ இங்க கத்துதே சார். நிறுத்தவே இல்ல. அங்க கீழ ஒண்ணு பதில் சொல்லுது.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடைச் சத்தம் கேட்டது. காற்று கேட்டது. அவன் விரல் நீட்டிய இடத்தில் பைனாகுலரை வைத்தேன். தாழ்ந்த கிளையில் ஆரஞ்சு நிறம். அலகு திறந்து திறந்து மூடியது. தொண்டை துடித்தது. எனக்கு ஒரு சத்தமும் இல்லை, டிவியில் ஒலியை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பது மாதிரி.

வயதானால் உச்ச ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். என் காதில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. பேச்சுக் கேட்கிறது, பாட்டுக் கேட்கிறது, சிரிப்பான் கேட்கிறது. கேட்காமல் போனது எது என்று எப்படித் தெரியும்? ஊட்டியில் ஒரு மருத்துவரிடம் காதைச் சோதித்துக்கொண்டேன். கோடு போட்ட தாளைக் கொடுத்தார். இடமிருந்து வலமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்த கோடு வலது கடைசியில் பள்ளத்தில் இறங்கியது. என் படிவங்களில் ஈப்பிடிப்பான் இறங்கிய கோடும் இதே சாய்வுதான். கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

பழைய படிவங்களை என்ன செய்வது? எந்த வருடத்திலிருந்து கேட்கவில்லை என்று எனக்கே தெரியாதபோது எதைத் திருத்துவது? பூஜ்யம் போட்ட இடங்களில் எல்லாம் அழித்துக் காலியாக்கினால் உண்மையாக இல்லாமல் இருந்த இடங்களும் சேர்ந்து அழியும். பல நாள் யோசித்துவிட்டு, ஒவ்வொரு வருடப் படிவக் கட்டின் மேலேயும் ஒரு தாள் வைத்துத் தைத்தேன். என் பிறந்த வருடம், காதுச் சோதனையின் நகல், இந்த இந்தப் பறவைகளின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்று ஒரு வரி. காவலர் அண்ணா ஓய்வு பெற்றுவிட்டார். விஷயத்தைப் போனில் சொன்னேன். வெகு நேரம் சிரித்தார். “உங்க காதும் கடையைச் சாத்திருச்சா சார்?”

இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டோம். விடியலில் பையன் கேட்கிறான், நான் எழுதுகிறேன். மதியம் தட்டானுக்கு நான் போகிறேன், கண் இன்னும் பரவாயில்லை. சோலை ஓரத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் நீட்டுவான்.

“மூணு சார். ரெண்டு பக்கத்துல. ஒண்ணு தூரத்துல.”

“எவ்வளவு தூரம்?”

“நாப்பது மீட்டர் இருக்கும்.”

தூரமானியை எடுத்து அவன் விரல் காட்டிய மரத்தில் வைத்தேன். 38. படிவத்தில் ‘எப்படி அறிந்தது’ என்ற கட்டத்தில் காது என்று எழுதினேன். யாருடைய காது என்று எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் அவன் வயதையும் எழுதிவைத்தேன்.